வண்டிக்கு இல்லாத வியாதிகள்

“பிரேக் பிடிக்கும்ணே,” என்றேன். “ஆனா நீங்க சொல்ற எடத்துல பிடிக்காது. அதுக்குத் தோணுற எடத்துல பிடிக்கும்.”

முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்த பேச்சிமுத்து, டிஸ்க்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். விளாங்குடியில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர். பத்து விரலும் அப்படியே இருந்தன. எச்சரிக்கையான மனிதர் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். எச்சரிக்கையானவர்களை விரட்டுவது சுலபம்.

“மைலேஜ் எம்புட்டு வருது?”

“அதப் பெட்ரோல் பங்க்காரர்ட்டத்தான் கேக்கணும். மாடி எடுத்துக் கட்டிட்டாரு.”

“பாக்க ஷோரூம்ல இருந்து எடுத்தாப்ல இருக்கே சார்.”

“அதுதாண்ணே பயமா இருக்கு. சில பேருக்கு மூஞ்சில ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள எல்லாம் போயிருக்கும்.”

பேச்சிமுத்து தன் நெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“வீட்ல கேட்டுட்டு வாரேன்.”

வரமாட்டார். வண்டி வாங்க நினைப்பவன் வீட்டில் கேட்கமாட்டான். நான் கேட்கவில்லை.

வாங்கியது இரண்டாயிரத்து மூன்றில். மஞ்சள் நிறம். முன்னால் மூக்கு நீண்ட கவசம். இருநூறு சிசிக்கு மேல். பகலெல்லாம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது, வேகமாகப் போனாலும் கை நடுங்காது. பெயரை மட்டும் சொல்லமாட்டேன். மீனலோசனி என் பெயரைச் சொல்லமாட்டாள், நான் வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் மரியாதை இப்படித்தான் இறங்கி வருகிறது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பாலிதீன் பை செய்யும் கம்பெனியில் வேலை எனக்கு. பையை ஊதிப் பார்த்து, ஓட்டை இல்லை என்று எழுத வேண்டும். வாரம் முழுக்க ஊதுவேன். விடுமுறை கிடைத்தால் கே.கே. நகரிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாம்பன் பாலம் வரை போய், பாலத்தின் நடுவில் நின்று, வேறு யாரோ எனக்காக ஊதுகிற காற்றை வாங்கிக்கொண்டு திரும்புவேன். தனியாகத்தான். பின்சீட்டு உயரம். புடவை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால், சறுக்குமரத்தில் உட்கார்ந்த மாதிரி என் முதுகின் மேல் வந்து சேர்வார்கள். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. மீனலோசனி சொன்னாள்.

செயின் துடைக்க ஒரு டூத் பிரஷ். எனக்கு ஒரு டூத் பிரஷ். ஒருநாள் மாறிவிட்டது. செயினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, இப்படிப்பட்ட வண்டியை ஏன் விற்க வேண்டும்? ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போனோம். விளாங்குடி தாண்டி பெட்ரோல் போட்டேன். பெட்ரோல் போடும்போது பின்னால் இருப்பவர் இறங்க வேண்டும், அது விதி. மீனலோசனி விதிப்படி இறங்கினாள். ஏற வேண்டும் என்பதும் விதிதான். அதற்கு நான் நேரம் கொடுக்கவில்லை. வாடிப்பட்டி வரை அவளிடம் பேசிக்கொண்டே போனேன். என் சம்பளம், என் அக்கா குணம், அவள் அண்ணன் குணம், எல்லாம் பேசினேன். அவள் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. என்ன ஒரு அந்நியோன்யம் என்று நினைத்துக்கொண்டேன். வாடிப்பட்டியில் டீ குடிக்கலாமா என்று கேட்டுத் திரும்பினேன்.

நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு திண்டுக்கல் பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னலில் பட்டுப்புடவையோடு அவள் இருந்தாள். கையசைக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் அவள் என்னுடைய முடிவை அறிவித்தாள். வண்டியை விற்கப் போகிறேனாம். எல்லோரோடும் சேர்ந்து நானும் அங்கேதான் கேட்டேன்.

“சரி, விற்கிறேன்,” என்றேன். “ஆனால் வருகிற ஆளிடம் நான்தான் பேசுவேன். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?”

“ஒன்றும் தெரியாது,” என்று உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீனலோசனி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலுக்கு வெளியே தமிழ். எங்கள் பாஷையில் பேசியதை எல்லாம் இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன். அதனால் நாங்கள் சண்டை போடுவதுகூடக் கொஞ்சம் நாகரிகமாகத் தெரியும். ஏமாற வேண்டாம்.

இந்தப் பாஷை பெரிய வசதி. ஜவுளிக் கடையில் எங்கள் ஆட்கள் வாடிக்கையாளர் எதிரிலேயே விலை பேசி முடிவுசெய்வார்கள். வாடிக்கையாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், வீட்டு வேலைக்கு ஆள் வந்த இடத்தில், பஸ்ஸில் காலை மிதித்தவன் எதிரில், எங்கேயும் மனதில் உள்ளதைச் சத்தமாகவே பேசலாம். கதவைச் சாத்தாமலே சாத்திக்கொள்கிற மாதிரி.

இரண்டாவதாக வந்தவன் நல்லகாமன். உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணம் நிச்சயமான முகம்.

“பொண்ண ஏத்திக்கிட்டுப் போகணும் சார். பின்சீட்டு வசதியா இருக்குமா?”

“ஏத்தலாம் மாப்ள. அப்புறம் அது இருக்கா இல்லையான்னு நீதான் அப்பப்பத் திரும்பிப் பாக்கணும்.”

“வேற எதும் கோளாறு?”

“பெருசா ஒண்ணும் இல்ல. ரயில்வே கேட்டுக்குள்ள போனா மட்டும் ஆஃப் ஆயிரும்.”

“எந்தக் கேட்டு சார்?”

“அதுக்கு எல்லாக் கேட்டும் ஒண்ணுதான்.”

நல்லகாமன் போன பிறகு மீனலோசனி வாசலுக்கு வந்தாள்.

“ஏன் இவ்வளவு குறை சொல்கிறீர்கள்?”

“நேர்மை. நாளைக்கு ஒருவன் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது.”

“என்னைப் பெண் பார்க்க வந்தபோது இந்த நேர்மை எங்கே போயிருந்தது?”

நான் செயினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிட்டேன்.  அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவள் பந்தடித் தெருவுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில்தான். திரும்பி வரும்போது மல்லிகைப்பூ வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். யாருக்கு என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜமீல் வந்தார்.

கனத்த உடம்பு. வெள்ளைச் சட்டை வயிற்றின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. கக்கத்தில் ஒரு தோல் பை. ஆட்டோவில் வந்து இறங்கி, வண்டி விற்கிற வீடு இதுதானே என்று கேட்டார். கீழவாசல் பக்கம் வியாபாரம் என்றார். என்ன வியாபாரம் என்று நான் கேட்கவில்லை. விற்கிறவன்தான் அதையெல்லாம் கேட்பான்.

“வாங்க பாய். இதுதான் வண்டி. மனசத் திடப்படுத்திக்கிட்டுப் பாருங்க.”

“ஏண்ணே?”

“ஸ்டார்ட் பண்றேன். நீங்களே கேளுங்க.”

பட்டனை அழுத்தினேன். உடனே எழுந்தது. அதுதான் இந்த வண்டியிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம், நேரம் காலம் தெரியாது. நல்லவேளை, காலையில் நான் செய்துவைத்த ஏற்பாடு கைகொடுத்தது. உள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். டப்பாவில் உப்புக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல.

“யா அல்லா. என்னண்ணே இது?”

“இன்ஜின் பாய். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பிரிச்சா மறுபடி சேக்க முடியாது.”

“அப்ப நீங்க தெனம் எப்புடிப் போறீங்க?”

“போறது போயிருவேன். வாரதுதான் நிச்சயமில்ல. இவ தெனம் சாமி கும்பிடுறா.”

இவ என்று நான் சுட்டிய இடத்தில் மீனலோசனி காபித் தம்ளரோடு நின்றாள். முகத்தில் பக்தி எதுவும் இல்லை. ஜமீலிடம் தம்ளரைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, தான் கொடுக்கக்கூடிய விலையைச் சொன்னார். யாரும் சொல்லத் துணியாத நல்ல விலை. சத்தத்தைக் கேட்ட பிறகும் சொல்கிறாரே என்று பரிதாபமாக இருந்தது.

“யோசிச்சுக்கங்க பாய்,” என்றேன். “பிள்ளைகுட்டி உள்ளவரு.”

அப்போது மீனலோசனி எங்கள் பாஷையில் ஆரம்பித்தாள்.

“இவரைப் பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிகிறார். இவர் தலையில் இந்தக் குப்பையைக் கட்டலாமா? பாவம் இல்லையா?”

“குப்பையா?”

“நீங்கள்தானே சொன்னீர்கள்.”

“அது தமிழில் சொன்னது.”

“நம் பாஷையில் என்ன?”

நான் ஜமீலைப் பார்த்தேன். எங்கள் பாஷை காதில் விழுந்ததும் வெளியாட்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். காபியை ஊதிக்கொண்டே சன்ஷேடைப் பார்த்தார். கதவு சாத்தியாகிவிட்டது.

“இந்த இன்ஜினை இன்றுவரை எந்த மெக்கானிக்கும் திறந்ததில்லை,” என்றேன். “திறக்க வேண்டிய தேவை வந்ததில்லை. ஆயில் கறுக்கும் முன்பே மாற்றிவிடுவேன். மழை பெய்தால் வண்டி ஹாலில் நிற்கும், நான் வாசலில் நிற்பேன், உனக்கே தெரியும். மதுரையில் இப்படி இன்னொரு வண்டியைக் காட்டு. மீசையை எடுத்துவிடுகிறேன்.”

“உங்களுக்கு மீசை இல்லையே.”

“வளர்த்து எடுக்கிறேன்.”

“பிரேக் பிடிக்காது என்று சொன்னீர்களே?”

“பிடிக்காதா? எறும்பு குறுக்கே வந்தால் நிற்கும். எறும்பு நன்றி சொல்லிவிட்டுப் போகும்.”

“இந்தச் சத்தம்?”

“சைடு மூடியில் ஒரு ஸ்க்ரூ. காலையில் நான்தான் தளர்த்தி வைத்தேன். ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒரு திருப்புத் திருப்பினால் நின்றுவிடும்.”

மீனலோசனி கண்ணை அகலமாக விரித்தாள். “அப்படியா! எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே,” என்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அவர் சொன்ன விலை?”

“நியாயமான விலை. அதைவிட யாரும் சொல்லமாட்டார்கள்.”

“பிறகு கொடுத்தால் என்ன?”

“வயிற்றைப் பார். டேங்க்குக்கும் அதற்கும் எல்லைத் தகராறு வந்துவிடும். இவருக்கு ஏற்றது பின்னால் பெட்டி கட்டிய மொபெட். இந்த வண்டியில் இவர் உட்கார்ந்தால், யானை மேல் அம்பாரி மாதிரி இருக்காது. அம்பாரி மேல் யானை மாதிரி இருக்கும்.”

மீனலோசனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிறது. மொபெட்டைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

ஜமீல் தம்ளரை மதில்சுவரில் வைத்தார். சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தார். வண்டியின் அருகே குனிந்து, மூச்சு வாங்க, சைடு மூடியைத் தடவி அந்த ஸ்க்ரூவைத் தேடிப் பிடித்தார். ஒரு திருப்பு.

சத்தம் நின்றுவிட்டது. வண்டி, தூங்குகிற குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது.

“சரியாகத்தான் சொன்னீர்கள் மாப்பிள்ளை,” என்றார் ஜமீல். “ஒரே திருப்புத்தான்.”

அவர் இதைத் தமிழில் சொல்லவில்லை.

என் வாய் திறந்தபடி இருந்திருக்க வேண்டும். மீனலோசனி பிறகு அப்படித்தான் சொன்னாள். ஜமீல் எங்கள் பாஷையை என்னைவிடச் சுத்தமாகப் பேசினார். பந்தடிக்காரர்கள் கடைசி எழுத்தை இழுக்கும் அந்த இழுப்புகூட இருந்தது.

“எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

“கற்கவில்லை. பந்தடியில் எங்கள் ஜரிகைக் கடை, உங்கள் மாமியார் வீட்டுக்கு எதிர் வாசல். உங்கள் மச்சான்களோடு சண்டை போட்டுத்தான் நான் பேசவே ஆரம்பித்தேன். தறிக்கு ஜரிகை கொடுத்துவிட்டு, பதிலுக்கு வசவு வாங்கிக்கொண்டு வருவேன். எல்லாம் இந்தப் பாஷையில்தான். உங்கள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை இலைக்கு இரண்டாம் முறை கேசரி வைத்தது யார் என்று நினைத்தீர்கள்?”

“உங்களைப் பார்த்த ஞாபகம் இல்லையே.”

“அன்று எனக்கு இந்த வயிறு இல்லை.”

தரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? கடைசி முயற்சியாகத் தமிழுக்கு ஓடினேன்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா வெளாட்டுக்குச் சொன்னது.”

ஜமீலும் என் பின்னாலேயே தமிழுக்கு வந்தார்.

“எது வெளாட்டு மாப்ள? தமிழ்ல சொன்னதா, நம்ம பாஷைல சொன்னதா?”

நம்ம பாஷை என்றார். நான் நின்று யோசித்தேன். தமிழில் சொன்னது விளையாட்டு என்றால் வண்டி நல்ல வண்டி. விலையும் நியாயமான விலை, நானே சொல்லியிருக்கிறேன். போயிற்று. பாஷையில் சொன்னது விளையாட்டு என்றால், துளசிராமாகிய நான் பெண்டாட்டியிடமே சொந்தப் பாஷையில் பொய் சொல்கிறவன். மாலைக்குள் பந்தடி முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு அந்தத் தெருவில் எனக்குக் கேசரி வைக்க ஆள் இருக்காது.

மீனலோசனி காத்திருந்தாள். அவசரமே இல்லாமல்.

“தமிழ்ல சொன்னது,” என்றேன்.

“அப்ப வண்டி?”

“நல்ல வண்டி பாய்.”

வெளியாள் ஒருவரிடம் இதைச் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. சொல்லிவிட்டு டேங்க்கைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தேன். 

“நீங்க மொபெட் பத்திச் சொன்னதும் நெசந்தான்,” என்றார் ஜமீல். “இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட அதுதான். பின்னாடி பெட்டி கட்டுனது. பரமக்குடிக்கு ஜரிகை கொண்டு போயிட்டு வந்தா ராத்திரிக்கு இடுப்பு இருக்காது. அங்கிட்டு இருந்து ராமேஸ்வரம் எம்புட்டுத் தூரம் மாப்ள? ஒரு தடவகூடப் போனதில்ல. அந்த வண்டி போகாது.”

பாம்பன் பாலத்தில் எந்த இடத்தில் நிறுத்தினால் காற்று நன்றாக இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த அளவுக்குப் பெருந்தன்மை அப்போது இல்லை.

ஆர்.சி. புத்தகத்தை எடுக்க உள்ளே போனபோது மீனலோசனி பின்னாலேயே வந்தாள்.

“முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறாய்,” என்றேன்.

“அன்று பந்தடிக்கு எதற்குப் போனேன் என்று நினைத்தீர்கள்? ஜமீல் அண்ணனிடம் ஒன்றுதான் சொன்னேன். நம் பாஷையில் எது காதில் விழுந்தாலும் சன்ஷேடைப் பாருங்கள்.”

“நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

“மண்டபத்தில் உங்கள் அக்கா என்னைக் குப்பை என்று சொன்னார். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். இன்று நான் வண்டியைக் குப்பை என்றேன். உடனே சண்டைக்கு வந்துவிட்டீர்கள்.”

பீரோவில் புத்தகம் இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே ஜமீல் வண்டியில் ஏறிவிட்டிருந்தார். நான் எதிர்பார்த்த தகராறு எதுவும் நடக்கவில்லை. டேங்க்கின் வளைவில் அவர் வயிறு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்துப் பார்த்தார். ஹாரனை அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டில் இருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள், அவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் சாவிக்கொத்தில் மீதியிருந்த டேங்க் சாவியையும் கழற்றிக் கொடுத்தேன்.

“பாத்துப் போங்க அண்ணே,” என்றாள் மீனலோசனி. “அண்ணா நகர் சிக்னல்ல கூட்டமா இருக்கும்.”

“நீ சொல்லு மீனா, எனக்கு எப்புடி இருக்கு?”

“மாப்பிள மாதிரி இருக்கீங்க.”

“ஒங்க அம்மாட்ட காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அவுகதான் மொதல்ல கேப்பாக.”

“அம்மாவ ஒரு ரவுண்டு ஏறச் சொல்லிறாதீங்க. அது வேற ஏறி உக்காந்துரும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜமீல் கியரைப் போட்டார். மொபெட் பழக்கம், சைடு ஸ்டாண்டு கீழேயே இருந்தது. நான் குனிந்து அதைக் கையால் மடக்கிவிட்டேன்.